மலைநாட்டு வீடுகளில் சுவருறை மாற்றம்: வெப்பக் காப்பின் பொருளாதாரம்

வெயிலைத் தடுக்கும் வீடுகளைப் பற்றி நம் நாட்டில் ஆராயப்பட்ட அளவுக்கு, வெப்பத்தைக் காக்கும் வீடுகளைப் பற்றி ஆராயப்படவில்லை. மக்களில் மிகப் பெரும்பாலோர் சமவெளிகளில் வாழ்வதால் இது இயல்பே. ஆயினும் தேசியக் கட்டட விதித்தொகுப்பு நாட்டை ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்து, அவற்றுள் ஒன்றைக் குளிர் மண்டலம் எனக் குறித்துள்ளது. லடாக், காஷ்மீர், இமாசலப் பிரதேசம், உத்தரகண்டின் மேட்டுப் பகுதிகள், சிக்கிம், அருணாசலப் பிரதேசம் என நீளும் இம்மண்டலத்தில் ஆண்டில் நான்கைந்து மாதங்கள் வீட்டின் சுவரே குடும்பத்தின் எரிபொருள் செலவை நிர்ணயிக்கிறது.

இப்பகுதிகளின் பழைய வீடுகள் இப்பொழுது பெருமளவில் பழுதுபார்க்கப்பட்டு வருகின்றன. சிம்லா, டார்ஜிலிங் போன்ற நகரங்களில் மரச்சட்டத்தின் இடைவெளிகளைக் கல்லும் மண்ணும் கொண்டு நிரப்பிப் பூசிய சுவர்கள் உண்டு. மழையும் காற்றும் மோதும் பக்கத்தில் அவற்றின்மீது நெளிவுத் தகரம் அறையப்பட்டிருக்கும். காஷ்மீரில் இத்தகைய மரச்சட்டச் சுவர் 'தஜ்ஜி திவாரி' எனப்படும். அசாமில் 'இக்ரா' என்னும் நாணல் தட்டியை மரச்சட்டத்தில் பொருத்தி மண் பூசினர். லடாக்கில் வெயிலில் உலர்த்திய மண் கட்டிகளே சுவராயின. ஐம்பது, எண்பது ஆண்டுகள் கழித்துத் தகரம் துருப்பிடித்து, சட்டம் உளுத்து, பூச்சு உதிரும்போது, எதைக் களைவது, எதை வைப்பது என்ற கேள்வி வீட்டுக்காரரின் முன் நிற்கிறது. உள்ளூர்க் கொத்தனாரின் விடை பெரும்பாலும் ஒன்றுதான்: எல்லாவற்றையும் இடித்துவிட்டுச் சிமெண்டுக் கட்டைச் சுவர் எழுப்புவது. அது உறுதியானதாகத் தோன்றும். ஆனால் அதன் விலை அடுத்த குளிர்காலத்தில்தான் தெரியவரும்.

சுவரினூடே செல்லும் வெப்பம்

ஒரு சதுர மீட்டர் சுவரில், உள்ளும் வெளியும் ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது எத்தனை வாட் வெப்பம் வெளியேறுகிறது என்பதே சுவரின் வெப்பக் கடத்து அளவு. இருபுறமும் பூசப்பட்ட 23 செ.மீ. செங்கல் சுவருக்கு இது ஏறத்தாழ 2 வாட். 20 செ.மீ. திண்மையான கான்கிரீட் கட்டைச் சுவருக்கு 3 வாட்டுக்கு மேல். லடாக்கின் 45 செ.மீ. மண் கட்டிச் சுவருக்கோ 1.2 வாட் அளவே. ஆகவே மண் சுவரை இடித்து அதைவிட மெல்லிய கான்கிரீட் சுவரை எழுப்பும் குடும்பம், தன் வீட்டின் வெப்ப இழப்பை இரண்டு மடங்குக்கு மேல் உயர்த்திக்கொள்கிறது. 'கச்சா' வீடு 'பக்கா' வீடானது என்று புள்ளிவிவரம் பதிவு செய்யும் மாற்றத்தின் மறுபக்கம் இது.

செங்கல் சுவருடன் 50 மி.மீ. பாறைப் பஞ்சைச் சேர்த்தால் 2 வாட் என்பது 0.57 வாட்டாகக் குறையும். இதனைக் குடும்பக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். மலைநாட்டுக் குடும்பம் குளிர்காலத்தில் முழு வீட்டையும் சூடாக்குவதில்லை. அடுப்புள்ள ஒரே அறையில் ஒடுங்கிக்கொள்கிறது. அந்த அறைக்கு 20 சதுர மீட்டர் வெளிச்சுவர் உண்டு என்றும், வெளியே உறைநிலைக்கு 5 டிகிரி கீழும் உள்ளே 15 டிகிரியும் உள்ளன என்றும் கொள்வோம். சுவரினூடே மட்டும் 800 வாட் வெளியேறும். காப்பு வைத்தபின் இது ஏறத்தாழ 230 வாட். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் அடுப்பெரிந்தால் மிச்சம் ஏறத்தாழ 7 யூனிட் வெப்பம். உலர்ந்த விறகு கிலோவுக்கு 4 யூனிட் தரும். பாதி புகைபோக்கியில் போய்விடும் என்றால், நாளொன்றுக்கு மூன்றரைக் கிலோ விறகு குறையும். 150 நாட்களில் இது அரை டன். ஒரு பெண் முதுகில் சுமந்து மலையேறும் கட்டுகளாக இதைக் கணக்கிட்டால் இதன் பொருள் இன்னும் தெளிவாகும்.

இங்குதான் பொருளாதாரக் கணக்கில் ஒரு சிக்கல் எழுகிறது. காட்டிலிருந்து பொறுக்கிய சுள்ளிக்கும், தொழுவத்தில் தட்டிய வறட்டிக்கும் சந்தை விலை இல்லை. எனவே காப்புக்குச் செய்யும் செலவு ரூபாயில் தெரிகிறது. அதன் பயனோ ரூபாயில் தெரிவதில்லை. பெண்களின் உழைப்பு நேரத்துக்கும், மூடிய அறையில் குழந்தைகள் சுவாசிக்கும் புகைக்கும் மதிப்பிடாத வரையில், முதலீடு திரும்ப எத்தனை ஆண்டுகள் ஆகும் என்ற வாய்பாடு ஏழைக் குடும்பத்துக்கு எதிரான விடையையே தரும். விறகையோ மண்ணெண்ணெயையோ சமையல் வாயுவையோ காசு கொடுத்து வாங்கும் நகரக் குடும்பத்துக்கு மட்டுமே அது நேர்மையான விடை தருகிறது.

அடுத்த 50 மி.மீ. பஞ்சைச் சேர்த்தால் என்ன ஆகும்? கடத்து அளவு 0.57-இலிருந்து 0.33-ஆகக் குறையும். முதல் அடுக்கு குறைத்தது 1.43, இரண்டாம் அடுக்கு குறைப்பது 0.24. அதாவது ஆறில் ஒரு பங்கு. பயன் குறைந்து செல்லும் விதிக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைப் பாடநூல்களில் காண்பதரிது. நிதி ஒரு வரம்புக்குட்பட்டது என்னும்போது, ஒரு வீட்டுக்குத் தடித்த காப்பு அளிப்பதைவிட இரு வீடுகளுக்கு மெல்லிய காப்பு அளிப்பதே அறிவுடைமை. கதவு, சன்னல், கூரை விளிம்பு ஆகியவற்றின் இடுக்குகளை முதலில் அடைப்பது அதனினும் மலிவு. காற்று புகும் வீட்டில் எந்தப் பஞ்சும் பயன் தராது.

சுவர் திறந்திருக்கும் காலம்

காப்புப் பொருளின் விலை மொத்தச் செலவில் ஒரு பகுதியே. சாரம் கட்டுதல், பழைய தகரத்தைக் கழற்றுதல், மீண்டும் உறையிட்டு விளிம்புகளை அடைத்தல், கூலி ஆகியவையே பெரும் பகுதி. உறை பழுதாகிச் சுவரைத் திறந்தே ஆகவேண்டும் என்னும்போது இச்செலவு எப்படியும் செய்யப்படுகிறது. காப்புக்கு ஆகும் கூடுதல் செலவு பஞ்சின் விலையும், அதைத் தாங்கும் மரச்சட்டத்தின் விலையும் மட்டுமே. அந்த வாய்ப்பைத் தவறவிட்டால் புதிய உறை தேயும் வரை, முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு, அது மீண்டும் கிட்டாது. வாடகை வீடுகளில் இவ்வாய்ப்பு பெரும்பாலும் தவறவிடப்படுகிறது. செலவழிப்பவர் வீட்டுக்காரர், விறகு மிச்சப்படுவது குடியிருப்பவருக்கு. இருவருக்கும் இடையே கணக்குத் தீர்க்க வழியில்லை.

திறந்த சுவர் மற்றொன்றையும் வெளிப்படுத்தும்: சட்டத்தின் நிலை. தகரத்தின் பின்னால் நெடுங்காலம் நீர் கசிந்திருந்தால், கீழ்ச்சட்டமும் மூலைக்கால்களும் முதலில் உளுத்திருக்கும். நிலநடுக்கம் தாக்கும் இப்பகுதிகளில் மரச்சட்டமே வீட்டின் உயிர். 1897 ஜூன் மாதத்தில் அசாமைக் குலுக்கிய பெரும் நிலநடுக்கத்தில் கற்கட்டடங்கள் வீழ்ந்தன. அதன் பின்னரே எடை குறைந்த இக்ரா வீடு அங்குப் பரவலாயிற்று. 2005 அக்டோபரில் காஷ்மீர் நிலநடுக்கத்திலும் தஜ்ஜி சுவர்கள் பல, வெடிப்புடன் ஆனால் விழாமல் நின்றன. அத்தகைய சட்டத்தின் இடையே கனமான கான்கிரீட்டை நிரப்புவது, குளிரையும் ஆபத்தையும் ஒருங்கே வரவழைப்பதாகும். உளுத்த மரத்தை வெட்டி மாற்றி, மூலைகளை இரும்புப் பட்டையால் பிணைத்த பின்னரே எந்த உறையும் ஏற வேண்டும்.

ஈரம் என்னும் பகை

வெப்பக் காப்பு தோல்வியுறும் இடங்களில் பெரும்பாலும் காரணம் குளிர் அன்று, ஈரமே. 15 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 13 கிராம் நீராவியைத் தாங்கும். உறைநிலையில் 5 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே தாங்கும். ஒரு குடும்பம் மூச்சாலும் சமையலாலும் துணி உலர்த்துவதாலும் நாள்தோறும் பல லிட்டர் நீரைக் காற்றில் கலக்கிறது. இந்தக் காற்று சுவரின் உள்ளே ஊடுருவிக் குளிர்ந்த தகரத்தைத் தொட்டதும், தாங்க இயலாத நீர் துளிகளாகப் படிகிறது. நனைந்த பஞ்சு காப்பு அன்று. அது மரத்தை அழுகச்செய்யும் ஈரப்பொதி.

ஆகவே அடுக்குகளின் வரிசை முக்கியம். குளிர் மண்டலத்தில் நீராவியைத் தடுக்கும் தாள் அறையின் பக்கம், அதாவது வெப்பமான பக்கம், இருக்க வேண்டும். அதன்பின் பஞ்சு. பஞ்சுக்கு வெளியே மழைநீரைத் தடுத்தும் உள்ளீரத்தை வெளிவிட்டும் உதவும் தாள். அதற்கும் வெளியுறைக்கும் இடையே இரண்டு அல்லது இரண்டரை செ.மீ. காற்றிடைவெளி, அது மேலும் கீழும் திறந்திருக்க வேண்டும், எலியும் பூச்சியும் புகாமல் வலை வேண்டும். பழைய மலை வீடுகளில் தகரத்தைப் பட்டிகையின்மீது அறைந்த தச்சர், பெயர் சூட்டாமலே இந்த இடைவெளியை விட்டிருந்தார். புதுப்பிக்கும்போது அழகு கருதி விளிம்புகளை முழுவதும் சிமெண்டால் அடைப்பவர் அதனைப் போக்கிவிடுகிறார். மண் சுவரின்மீது சிமெண்டுப் பூச்சு பூசுவதும் இதே வகைத் தவறு. மண் சுவாசிக்கும், சிமெண்டு சுவாசிக்காது, நடுவே தங்கும் ஈரம் உறையும்போது பூச்சு பாளமாகப் பெயரும்.

சென்னை, மும்பை போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த கடற்கரை நகரங்களில் குளிர்சாதனம் இயங்கும் அறைக்கு இவ்வரிசை நேர்மாறானது. அங்கு ஈரக்காற்று வெளியிலிருந்து உள்ளே வருகிறது. எனவே குளிர்நாட்டு நூலைப் பார்த்து உட்புறத்தில் தடுப்புத் தாள் ஒட்டுவது தீங்கே பயக்கும்.

லடாக்கின் அனுபவம்

கடல் மட்டத்திலிருந்து 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே நகரில் குளிர்கால இரவில் வெப்பநிலை உறைநிலைக்கு 20 டிகிரி கீழும் செல்வதுண்டு. மரம் அரிது, ஆனால் வானம் தெளிவானது, குளிர்காலப் பகலிலும் வெயில் நிறைவாக வீசும். 1983-இல் நிறுவப்பட்ட லடாக் சூழலியல் வளர்ச்சிக் குழுவும், ஜெரெஸ் என்னும் பிரெஞ்சு அமைப்பும், வேறு சில நிறுவனங்களும் இவ்வெயிலைப் பயன்படுத்தும் வீடுகளைப் பரப்பின. தென்சுவரில் கண்ணாடியோ, நெகிழித் தாள் கட்டிய வெயிற்கூடமோ அமைத்துப் பகலில் வெப்பத்தை ஏற்பது ஒரு பாதி. மற்ற மூன்று சுவர்களிலும் கூரையிலும் அதனைத் தப்பவிடாமல் காப்பது மறுபாதி.

இம்மறுபாதிக்கு அவர்கள் கையாண்ட முறை எளிது. வெளியே தாங்குசுவர், உள்ளே மெல்லிய மண் கட்டிச் சுவர், இரண்டுக்கும் நடுவே ஐந்து முதல் பத்து செ.மீ. இடைவெளி, அதில் வைக்கோல், மரத்தூள், இழைப்புச் சுருள், காட்டுப்புல் ஆகியவற்றில் கிடைத்ததை அடைத்தல். உட்சுவர் மண்ணாக இருப்பது தற்செயல் அன்று. காப்பு வெளிப்பக்கமாகவும் கனமான பொருள் உட்பக்கமாகவும் இருந்தால், பகலில் ஏற்ற வெப்பத்தை அந்தக் கனம் இரவில் மெல்ல அறைக்குத் திருப்பித் தரும். அடுப்பை ஏற்றிய உடனே சூடாக வேண்டிய அறைக்கு உட்புறக் காப்பு ஏற்றது. வெயிலால் சூடாகும் அறைக்கு அது பொருந்தாது. பழைய வீட்டைப் புதுப்பிப்போர் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் கொள்வதில்லை.

இயற்கைப் பொருளுக்குக் குறைகளும் உண்டு. வைக்கோல் காலப்போக்கில் கீழே படிந்து, சுவரின் உச்சியில் வெற்றிடம் தோன்றும், எலி குடியேறும், கால்நடைத் தீவனத்துடன் அது போட்டியிடும். 2010 ஆகஸ்டில் லேயில் பெய்த பேய்மழை, மழையே அரிதான நிலத்துக்கெனக் கட்டப்பட்ட மண் வீடுகளின் எல்லையைக் காட்டிற்று. அதன் பின் மண் கூரையின்மேல் தகரம் வேய்வோர் பெருகினர். தகரம் மழையைத் தடுக்கும், குளிரைத் தடுக்காது. நெட்டிலிங்க உத்தரமும் வில்லோக் கொம்புகளும் புல்லும் மண்ணும் கொண்ட பழைய கூரையை அதன்கீழ் அப்படியே விட்டுவைத்தவரே விவேகி.

களையும்போது வரும் கேடு

பழைய உறையைக் களைவது எளிய வேலையாகக் கருதப்பட்டு, அதனைப் பயிற்சி இல்லாத கூலியாளிடம் விடுவது வழக்கம். மலைநகரங்களில் சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் தகரத்துக்கு மாற்றாகக் கல்நார் சிமெண்டுத் தகடு கூரையிலும் சுவரிலும் ஏறியது. முழுத் தகடு சும்மா இருக்கும்வரை ஆபத்து குறைவு. உடைத்தாலோ, உலர்ந்த நிலையில் அறுத்தாலோ, துளையிட்டாலோ கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் பரவும். நுரையீரல் நோய் வெளிப்பட இருபது, முப்பது ஆண்டுகள் ஆகலாம். உச்ச நீதிமன்றம் 1995-இல் அளித்த தீர்ப்பில், கல்நார்த் தொழிலாளர் ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவேட்டையும் நாற்பது ஆண்டுகள், அல்லது பணி முடிந்தபின் பதினைந்து ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்குமாறு பணித்தது. வீடு பழுதுபார்க்கும் தினக்கூலிக்கு அத்தகைய பதிவேடு ஏது? தகட்டை நன்கு நனைத்து, திருகாணியைக் கழற்றி, உடைக்காமல் முழுதாக இறக்கி, நெகிழித் தாளில் சுற்றி, அபாயக் கழிவாக ஒப்படைப்பதே முறை. அதைத் தோட்டத்து வேலியாக நட்டுவைப்பது மிகப் பரவலான வழக்கம். மிகத் தவறான வழக்கமும் ஆகும்.

பழைய வண்ணப்பூச்சு இரண்டாவது கேடு. வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி 2016-இல் வகுக்கப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய மரப்பலகை உறையின் வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கும் வீட்டில் தவழும் குழந்தை இருத்தலாகாது.

மூன்றாவது நெருப்பு. தெர்மோகோல் மலிவானது, இலேசானது, நன்கு காக்கும், ஆனால் எரியும். பாறைப் பஞ்சு எரியாது. இலண்டனில் கிரென்ஃபெல் என்னும் 24 மாடிக் குடியிருப்புக்கு 2016-இல் புதிய காப்பும் வெளியுறையும் பொருத்தப்பட்டன. குளிரில் வாடிய எளிய குடும்பங்களுக்கு நன்மை செய்யவே அப்பணி மேற்கொள்ளப்பட்டது. உறைத் தகட்டின் உள்ளீடு பாலியெத்திலீன். 2017 ஜூன் 14 அன்று நான்காம் மாடிச் சமையலறையில் ஒரு குளிர்பதனப் பெட்டியில் பற்றிய தீ, அவ்வுறையின் வழியே கட்டடம் முழுதும் ஏறி 72 பேரைக் கொன்றது. பிரிட்டிஷ் அரசு 2018-இல், 18 மீட்டருக்கு மேற்பட்ட புதிய குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியும் பொருளைத் தடை செய்தது. மலைச்சரிவில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் நம் மரவீட்டு நகரங்களில், தீயணைப்பு வண்டி நுழைய இயலாத சந்துகளில், இப்பாடம் மாடி எண்ணிக்கையைப் பொறுத்ததன்று.

அரசின் பங்கு

மானியம் அளித்து விரைந்து பரப்பலாம் என்று கருதுவோர் ஆஸ்திரேலியாவின் அனுபவத்தை நோக்க வேண்டும். 2009-இல், பொருளாதாரத் தேக்கத்தைப் போக்கும் செலவுகளில் ஒன்றாக, வீட்டு மேற்கூரைகளில் காப்பு வைக்கும் திட்டம் அங்குத் தொடங்கிற்று. ஓராண்டுக்குள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் முடிந்தன. பயிற்சியற்றோர் பெருந்தொகையாய்ப் புகுந்தனர், உலோகத் தாளை அறைந்த ஆணி மின்கம்பியில் பாய்ந்தது, நான்கு இளந்தொழிலாளர் மாண்டனர், வீடுகள் தீப்பற்றின. 2010 பிப்ரவரியில் திட்டம் நிறுத்தப்பட்டது. வேலை அளிக்கும் வேகமும் கைவினை கற்கும் வேகமும் வேறு என்பதைத் திட்டமிட்டோர் கணக்கிடவில்லை.

மிச்சமாகும் எரிபொருளை மிகையாக மதிப்பிடுவதும் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஏழை வீடுகளுக்குக் காப்பளிக்கும் அரசுத் திட்டத்தைப் பொருளியலாளர் ஆராய்ந்தபோது, பொறியாளர் முன்கூட்டிக் கணித்த சேமிப்பு, உண்மைச் சேமிப்பைப் போல மூன்று மடங்குக்கும் மேலாக இருந்தது. மேலே ஓர் அறைக்குப் போடப்பட்ட அரை டன் கணக்கையும் இந்த எச்சரிக்கையுடனேயே படிக்க வேண்டும். குளிரில் நடுங்கிய குடும்பம் காப்பு வந்தபின் விறகைக் குறைக்காமல் அறையைக் கூடுதலாகச் சூடாக்கிக் கொள்ளக்கூடும். எரிபொருள் ஏட்டில் இது தோல்வி; நலவாழ்வு ஏட்டில் அன்று.

நம் நாட்டில் எரிசக்திச் சிக்கனச் சட்டம் 2001-இல் இயற்றப்பட்டது. அதன்வழி அமைந்த எரிசக்தித் திறன் செயலகம் 2018 டிசம்பரில் 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் குடியிருப்புக் கட்டட விதிகளை வெளியிட்டது. குளிர் மண்டலத்தில் சுவர், சன்னல் உள்ளிட்ட வெளிப்புற உறையின் கடத்து அளவு, கூரை நீங்கலாக, 1.8 வாட்டுக்கு மேற்படலாகாது என்கிறது அது. காப்பற்ற செங்கல் சுவரும் கான்கிரீட் சுவரும் தாமாக இந்த வரம்புக்குள் வரா. தடித்த மண் சுவர் வரும். இவ்விதிகள் புதிய பெருங்கட்டடங்களையே முதன்மையாக நோக்குவதால், ஏற்கெனவே நிற்கும் சிறு வீடுகள் இவற்றின் பிடிக்கு வெளியே உள்ளன. 2016-இல் தொடங்கிய ஊரகப் பிரதமர் வீட்டுவசதித் திட்டம் சமவெளியில் 1.20 இலட்சமும் மலைப்பகுதியில் 1.30 இலட்சமும் அளிக்கிறது. அதுவும் புதிய பக்கா வீட்டுக்கே. நல்ல மண் சுவரையோ உறுதியான மரச்சட்டத்தையோ உடைய குடும்பம், உதவி பெறும்பொருட்டு அதனைக் கைவிடும் நிலை இதனால் உருவாகிறது. அதே தொகையின் ஒரு பங்கை, சட்டத்தைப் பழுதுபார்த்து உறையும் காப்பும் மாற்றுவதற்கு அளிப்பது குறைந்த செலவில் கூடுதல் குடும்பங்களை அடையும்.

அவ்வாறு அளிக்கும்போது நாட்காட்டியையும் கருத வேண்டும். லடாக்கில் கட்டுமான வேலைக்கு உகந்த காலம் மே முதல் செப்டம்பர் வரை. மண் கட்டியும் பூச்சும் உலர வெயில் வேண்டும். உறைபனியில் பூசியது நிற்காது. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி, ஒதுக்கீடும் ஒப்புதலும் கடந்து முதல் தவணை அக்டோபரில் வந்து சேர்ந்தால், சுவர் அவ்வாண்டில் திறக்கப்படக் கூடாது. திறந்தால் குடும்பம் உறையற்ற வீட்டில் குளிர்காலத்தைக் கழிக்க நேரும். மலை மாவட்டங்களுக்கான தொகையை முந்தைய ஆண்டின் இறுதிக்குள் ஒதுக்கி, மே மாதத்தில் பயனாளியின் கணக்கில் சேர்ப்பது நடைமுறையில் செய்யக்கூடியதே.